பரண் அறையாகுமா?

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்று நம்மவர் வழங்கிவரும் பழமொழியில் ஒரு குறை உண்டென்பது நமது அபிப்பிராயம். வீடு கட்டுவதில் உள்ள தொல்லையை அது கூறுகிறதேயன்றி, கட்டி முடிந்த வீட்டை மாற்றிக் கட்டப் புகுவதிலுள்ள தொல்லையைக் கூறவில்லை. புதிதாய்க் கட்டுகிறவனுக்கு மனை வெறுமையாய்க் கிடக்கிறது. யோசனை பிழைத்தால் காகிதத்திலேயே அழித்து எழுதிக்கொள்ளலாம். இருக்கும் வீட்டை மாற்றுகிறவனோ, குடும்பம் உண்டு உறங்கிக்கொண்டிருக்கும் கூரையிலேயே கை வைக்கிறான். அவ்விதம் கை வைப்பதற்கு முன், அவ்வீடு அதற்குத் தகுமா என்று கேட்டறிவது அவசியம். அக்கேள்வியை எவ்வாறு கேட்பது, விடையை எந்த அளவுகோலால் அளப்பது என்பவற்றை நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டு இங்கே ஆராயப் புகுகிறோம்.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் குடிபுகுந்த தமிழ்க் குடும்பங்களிற் பல, மாடியற்ற தொடர்வீடுகளிலேயே வாழ்ந்து வருகின்றன. இருபதடி அகலம், மூன்று அறைகள், முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அடுக்களை, இருமருங்கிலும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர். இதுவே அவ்வீடுகளின் அமைப்பு. வாங்கியபோது பிள்ளைகள் சிறியவர்கள். வீடு பெரிதாய்த் தோன்றிற்று. பிள்ளைகள் வளர்ந்தார்கள், வீடு வளரவில்லை. பக்கவாட்டில் நீட்ட இடமில்லை. முன்னும் பின்னும் நீட்டக்கூடிய அளவு நீட்டியாயிற்று. வேறு வீடு வாங்குவோமென்றால் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. அப்பொழுதுதான் குடும்பத் தலைவர் அண்ணாந்து பார்க்கிறார். உட்கூரைக்கும் ஓட்டுக்கும் இடையே வெற்றிடம் ஒன்று வீணே கிடக்கிறதே, அதனை ஓர் அறையாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு உதிக்கிறது.

அவ்விடத்தை ஆங்கிலேயர் லாஃப்ட் என்பர். மலாய்க்காரர் லோத்தெங் என்பர். நம் முன்னோர் பரண் என்றனர். பரண் என்பது பொருள் வைப்பதற்கென்று ஏற்பட்ட இடம். விறகும், வெங்காயமும், விதைநெல்லும் ஏறியிருந்த இடம் அது. பரணில் ஏற்றிய பொருள் வியர்ப்பதில்லை. அதற்கு மூச்சு முட்டுவதில்லை. தீப்பற்றினால் இறங்கி ஓட வழி தேடுவதுமில்லை. மனிதன் இம்மூன்றையும் செய்வான். ஆகவே, பரணை அறையாக்குவதென்பது பலகை பரப்பி ஏணி சாத்துவதோடு முடியும் காரியமன்று. பொருளுக்கென்று அமைந்த ஓரிடத்தை மனிதனுக்கு உரிய இடமாக உயர்த்தும் காரியம் அது.

இவ்விஷயம் நம்மவர்க்குச் சாதாரணமானதன்று. நம் பாட்டன் பூட்டன்மார் லயத்து வீடுகளிலே பிறந்து லயத்து வீடுகளிலேயே கண்மூடினார்கள். அவ்வீடு அவர்களுக்குச் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று. பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தடுப்பு கூரைவரை எட்டுவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் ஆறு வீட்டுக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவுத் தரம் இன்னதென்று வரையறுத்து 1966-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதன்பின் 1990-ஆம் ஆண்டில் விரிவான மற்றொரு சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. எனினும், சட்டம் தருவது தரமேயன்றிச் சொந்தமன்று. அத்தகைய மரபில் வந்த ஒருவர் தம் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து ஒரு வீட்டைத் தமதாக்கிக்கொண்டபின், அவ்வீட்டின் கூரையைப்பற்றி எடுக்கும் முடிவு அவருடைய முதுமையைப்பற்றிய முடிவேயாகும்.

நமது தமக்கையாரின் கணவர் அத்தகையவர். செம்பனைத் தோட்டமொன்றில் மண்டோராய் இருந்து ஓய்வு பெற்றவர். கோலசிலாங்கூர்ப் பக்கத்தில், 1980-களில் கட்டப்பட்ட தொடர்வீடொன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறார். அவர் அழைத்திருந்த குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, உட்கூரைக்குமேல் பலகை பாவி நல்ல அறையொன்று கட்டித் தருவதாகவும், குறுக்கே நிற்கும் மரங்களை அறுத்துவிட்டால் இடம் தாராளமாய்க் கிடைக்குமென்றும், இரண்டே வாரத்தில் வேலை முடியுமென்றும், 30,000 ரிங்கிட் ஆகுமென்றும் சொல்லிப் போனார். முன்பணம் கொடுக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, "தம்பி, நீ படித்தவன், ஒரு வார்த்தை பார்த்துச் சொல்" என்று தமக்கையார் சொல்லியனுப்பினார்.

நாம் கட்டடக் கலை பயின்றவரல்லர், தோட்டத்துக் கிராணி. பெரட்டு எடுப்பதும், செக்ரோல் எழுதுவதும், குலைகளின் எடையைப் பதிவதுமே நம் தொழில். எனினும் ஆங்கில வழியிற் கற்றமையால் ஆங்கிலக் கைந்நூல்களைப் புரட்டும் பழக்கம் நமக்கு உண்டு. இவ்விஷயத்தில் ஆங்கிலேயர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தபோது நமக்குப் புலனானது யாதெனில், அந்நூல்களின் முறையைக் கொள்ளலாம், முடிவைக் கொள்ளலாகாது என்பதே. அவர்கள் நாட்டுப் பழைய வீடுகளின் கூரை செங்குத்தாய் எழுவது. நம் தொடர்வீடுகளின் கூரை படுத்துக் கிடப்பது. அவர்கள் அஞ்சுவது குளிரை. நாம் அஞ்சுவது வெயிலை. ஆயினும், அளந்து பாராமல் அறுக்காதே என்று அவர்கள் சொல்லுவது எந்நாட்டுக்கும் பொருந்தும். ஆகவே அளவுநாடாவும், கைவிளக்கும், திருப்புளியும், நூலிற் கட்டிய தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு சென்றோம்.

முதலாவது பார்க்கவேண்டியது உயரம். உட்கூரையின் சிறு திறப்பின் வழியே ஏறி, விட்டத்தின் மேற்புறத்திலிருந்து முகட்டின் அடிப்புறம் வரை நாடாவைப் பிடித்தோம். 6 அடி 3 அங்குலம் இருந்தது. ஏற இயலாதவர்கள் தரையிலிருந்தே இதனை ஒருவாறு கணித்துக்கொள்ளலாம். கூரைச் சரிவு 20 பாகையாயின், பத்தடி உள்ளே போகக் கூரை ஏறத்தாழ 3 அடி 8 அங்குலம் உயரும். 30 பாகையாயின் 5 அடி 9 அங்குலம். 45 பாகையாயின் பத்தடி. தமக்கையார் வீடு முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை 36 அடி. முகடு நடுவில் நிற்பதால் பாதி 18 அடி. சரிவோ 20 பாகை. ஆகவே ஆறரை அடிக்குமேல் அங்கே உயரம் கிடைக்க வழியில்லை. அதிலும் முகட்டுக்கு நேர்கீழே மட்டுமே ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம்; இருபுறமும் நாலடி விலகினால் ஐந்தடியாய்க் குறுகும். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகள், குடியிருப்பு வீட்டின் படுக்கையறைக்கு 2.5 மீட்டர், அதாவது எட்டடி இரண்டங்குலத்துக்குக் குறையாத உயரம் வேண்டுமென்கின்றன. பலகைத் தளத்தின் கனத்தைக் கழிக்குமுன்னரே இரண்டடி குறைந்துபோயிற்று.

இரண்டாவது பார்க்கவேண்டியது மரங்கள் நிற்கும் வகை. கூரையைத் தாங்கும் முறை இரண்டு. பழைய முறையில், கனத்த மரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மற்றொரு பொதுச்சுவருக்குப் பாய்ந்து, அவற்றின்மேல் கைமரங்கள் சாய்ந்திருக்கும். நடுவே வெளி இருக்கும். புதிய முறையில், மெல்லிய மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பற்களுள்ள இரும்புத் தகடுகளால் அழுத்திப் பிணைத்து, முக்கோணச் சட்டகங்களாகத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து நிறுத்திவிடுவர். அண்மைக் காலத்து வீடுகளில் மரத்துக்குப் பதில் மெல்லிய எஃகுச் சட்டகங்களும் உண்டு. இப்புதிய சட்டகத்தில் வீணான மரம் ஒன்றேனும் இல்லை. ஒன்று இழுத்துப் பிடிக்கும், மற்றொன்று முட்டுக்கொடுக்கும், எல்லாம் சேர்ந்தே ஓட்டின் பாரத்தைச் சுவருக்குக் கொண்டுபோகும். அதிலே ஒரு மரத்தை அறுப்பது, பாரம் சுமக்கும் ஒருவனுடைய ஒரு காலைத் தட்டிவிடுவதை ஒக்கும். அறுத்த அன்று ஒன்றும் நேராமல் இருக்கலாம். ஓடு நனைந்து கனக்கும் மழைக்காலத்தில் கைமரம் வளைந்து சுவரை வெளியே தள்ளும். குத்தகையாளர் "குறுக்கே நிற்கும் மரங்கள்" என்று சொன்னவை இவையே.

மூன்றாவது, பாரம். உட்கூரையைத் தாங்கும் அடிமரம் உட்கூரைத் தகட்டையும் எப்போதாவது ஏறும் ஒரு மின்தொழிலாளியையும் தாங்கவே ஏற்பட்டது. பொறியாளர் கணக்கில், அவ்விடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ பாரம் கொள்வது வழக்கம். மனிதர் வாழும் வீட்டுத் தளத்துக்கோ சுமார் 150 கிலோ. தோட்டத்துப் பாஷையிற் சொன்னால், ஒரு நல்ல குலையைத் தாங்க வைத்த இடத்தில் ஆறு குலைகளை ஏற்றுவதாகும். ஆகவே, மனிதர்க்கென்று தளம் போடுவதாயின், உட்கூரை மரங்களைத் தொடாமல், சுவருக்குச் சுவர் தனி உத்தரங்கள் போட்டு, அவற்றின்மேல் போடவேண்டும். அப்பாரம் சுவர் வழியாய் அடித்தளத்துக்கு இறங்கும். அடித்தளம் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. சிலாங்கூரின் கடற்கரைப் பகுதிகளில் மண் மென்மையான களிமண். பாரம் ஏற ஏற மெல்ல அமிழும் இயல்புடையது. சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாய் ஓடும் வெடிப்பு, தானே மூடிக்கொள்ளும் கதவு, தூக்குக்குண்டை விட்டால் விலகி நிற்கும் சுவர், இவை வீடு ஏற்கெனவே அமிழ்கின்றதென்பதற்கு அறிகுறிகள். தமக்கையார் வீட்டின் பின்சுவரில் அத்தகைய வெடிப்பொன்று விரல் நுழையும் அளவில் இருந்தது. மேலும், கூரைக்குள்ளே குளியலறைக்குமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. 150 காலன் கொள்ளளவு. நிரம்பினால் தண்ணீர் மட்டும் 680 கிலோ. அதனை எங்கே மாற்றுவதென்று குத்தகையாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான்காவது, வெப்பம். நம் நாட்டுச் சூரியன் தலைக்குமேல் நின்று காய்கிறது. ஓடோ தகரமோ, காலை முதல் அதனைக் குடித்து உள்ளே உமிழ்கிறது. நாம் ஒரு வெப்பமானியை அங்கே தொங்கவிட்டு வைத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு 41 டிகிரி காட்டிற்று. ஓட்டுக்கடியில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் விரித்து, பஞ்சுப் பொதி பரப்பி, முகட்டிலே காற்றுப் போக்கி வைத்தால் இது பெரிதும் தணியும் என்பது உண்மை. ஆனால், ஏற்கெனவே குறைந்த உயரத்தில் பொதியின் கனமும் கழியவேண்டும். குளிர்சாதனம் வைப்போமென்றால், மாதந்தோறும் மின்கட்டணம் கட்டப்போகிறவர் ஓய்வு பெற்றவர் என்பதை மறக்கலாகாது. வெளிச்சமும் காற்றும் வேறு. வாழும் அறைக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு சன்னல் வேண்டும். இருபதில் ஒரு பங்கு காற்றுக்குத் திறந்திருக்கவேண்டும். தொடர்வீட்டின் இருமருங்கும் பொதுச்சுவராகையால் சன்னல் வைக்கக் கூரைச் சரிவைத்தான் உடைக்கவேண்டும். உடைத்த இடத்தில் மழை நுழையாமற் காப்பது ஆயுள் முழுவதும் தீராத வேலை.

ஐந்தாவது, ஏறும் வழி. இதனைப் பலரும் இறுதியில் நினைக்கின்றனர், முதலிலேயே நினைக்கவேண்டும். மாடிப்படியின் ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரலாகாது. மிதிக்கும் இடம் 255 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பத்தடி ஏறுவதற்குப் பதினேழு படி வேண்டும். அவற்றை நேராய் வைத்தால் தரையிலே பதின்மூன்றடிக்கு மேல் நீளம் போய்விடும். அவ்வளவு நீளம் அவ்வீட்டில் எங்கே இருக்கிறது? கூடத்தின் பாதி போகவேண்டும். அல்லது ஓர் அறை போகவேண்டும். மேலே குனிந்து நடக்கும் அறையொன்றைப் பெறுவதற்குக் கீழே நிமிர்ந்து நடக்கும் அறையொன்றைக் கொடுப்பது எவ்விதச் சிக்கனமென்று நமக்கு விளங்கவில்லை. ஏணியே போதுமென்பவர்கள், இரவில் தீப்பற்றினால் அந்த ஏணியில் எத்தனைபேர் எவ்வளவு விரைவில் இறங்குவார்கள் என்பதை ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். கைவிளக்கை இருபுறமும் வீசிப் பார்த்ததில், ஒருபுறப் பொதுச்சுவர் ஓடுவரை எட்டாமல் நின்றதையும் கண்டோம். அண்டை வீட்டுக் கூரை மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குத் தாவ இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை.

ஆறாவது, கறையானும் கல்நாரும். கறையான் மண்ணிலிருந்து சுவரோரமாய் மண்குழல் கட்டிக்கொண்டு கூரைவரை ஏறும். மரத்தின் மேற்றோலைத் தொடாமல் உள்ளே தின்னும். பார்வைக்கு மரம் முழுமையாய் இருக்கும். திருப்புளியால் குத்தினால் பொதுக்கென்று உள்ளே போகும். இவ்வீட்டில் இரண்டு சட்டகங்களின் கால்களில் அவ்விதம் போயிற்று. இனி, பழைய வீடுகளின் உட்கூரைத் தகடுகளிற் பல கல்நார் கலந்தவை. அவற்றை முறையின்றி அறுத்தாலும் துளைத்தாலும் எழும் தூசு நுரையீரலிற் படிந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். சந்தேகமுள்ள தகட்டைச் சோதனைக்கு அனுப்பாமல் தொடலாகாது.

இவ்வளவுக்கும் மேல் சட்டம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சியின் எழுத்துமூலமான அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புதலும், இத்தகைய பெருமாற்றம் செய்தலும் கூடா. வரைபடம் தகுதி பெற்றவரால் தயாரிக்கப்படவேண்டும். "இதெல்லாம் நகராண்மைக் கழகத்தாருக்குத் தெரியாமல் செய்துகொள்ளலாம்" என்று சொல்லும் குத்தகையாளரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: "அவர்களுக்குத் தெரியாமல் செய்யலாம், புவியீர்ப்புக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?" சட்டத்தை வெறும் காகிதத் தொல்லையென்று எண்ணுவது தவறு. வாங்கி விற்கத் தெரியாத ஏழையின் சார்பில் அளவுகோல் பிடித்து நிற்பது அதுவே.

இவையனைத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கீழே இறங்கினோம். வீடு தகாது என்பது முடிவாயிற்று. ஆனால் நாம் கண்ட முக்கியமான விஷயம் கூரையில் இல்லை, கீழே இருந்தது.

அவ்வறை யாருக்கென்று அதுவரை நாம் கேட்கவில்லை. கேட்டபோது, ஆறாம் படிவத்தில் பயிலும் மகளுக்கென்றார் அத்தான். அவ்வீட்டின் மூன்று அறைகளில் ஒன்று கணவன் மனைவிக்கு. ஒன்று மகன்மார் இருவருக்கு. மூன்றாவது சாமான் அறை. மகளும், அத்தானின் தாயாரும் கூடத்திற் படுப்பவர்கள். தொலைக்காட்சி அணைந்து, எல்லாரும் உறங்கிய பின்னரே அப்பெண் அடுக்களை மேசையில் புத்தகத்தை விரிப்பாள். சாமான் அறையைத் திறக்கச் சொன்னோம். அண்டா, குண்டான், தவலை, பித்தளைக் குடங்கள், குத்துவிளக்குகள், இரும்புப் பெட்டிகள், பழைய தையல் யந்திரம் என்று கூரையைத் தொடுமளவு அடுக்கியிருந்தன. நாம் ஒன்றும் சொல்லுமுன் அப்பெண்ணே கேட்டாள்:

"மாமா, மேலே போகவேண்டியது நானா, இந்த அண்டாவா?"

அத்தானுக்குக் கோபம் வந்தது. "பெரியவர்கள் பேசும்போது" என்று தொடங்கினார். "அண்டாவும் போக முடியாது, அந்த மரம் அதையும் தாங்காது" என்றோம் நாம். தமக்கையார் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கிழவியார் சிரிக்கவில்லை. அப்பாத்திரங்கள் அவருடையவை. கலியாணச் சீராய் வந்தவை சில. சீட்டுப் பிடித்து வாங்கியவை சில. ஐந்து தோட்டங்கள் மாறியபோதும் லாரியில் முதலில் ஏறியவை அவைதாம். வீட்டை வாங்க வழியில்லை, நிலத்தை வாங்க வழியில்லை. வாங்கி, கூடவே எடுத்துச் செல்லக்கூடிய சொத்து நகையும் பித்தளையும்தாம். நிலமற்றவர்க்குப் பித்தளையே நிலம். இதனை உணராமல், கிழவியின் பேராசையென்று அதனை இகழ்ந்து பேசுகிறவர்கள் நம் சரித்திரத்தை அறியாதவர்கள்.

வெகுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு கிழவியார் தம் மகனைப் பார்த்து, "இப்போதுதான் வீடு இருக்கிறதே, ஐயா. இனிமேல் லாரியில் ஏற்ற வேண்டியதில்லையே. பெரிய அண்டா ஒன்றை மட்டும் எனக்கு வைத்துவிட்டு, மற்றதைக் கொடுத்துவிடு. பிள்ளைக்கு அறையைக் கொடு. நானும் அவளோடு ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன்" என்றார்.

பாத்திரங்களிற் சில பழைய தோட்டத்துப் பொதுமண்டபத்துக்குச் சென்றன; சில எடைக்கு விலையாயின. இரண்டு டின் சாயமும், ஒரு மேசையும், ஒரு புதிய மின்விசிறியும் வாங்கியதோடு செலவு நின்றது. 30,000 ரிங்கிட் அத்தானின் கணக்கிலேயே இருக்கிறது. அதிற் சிறிது எடுத்துப் பின்சுவரின் வெடிப்பையும், கறையான் அரித்த சட்டகங்களையும் பொறியாளர் ஒருவரைக் கொண்டு செப்பனிட்டிருக்கிறார். அப்பெண்ணின் தேர்வு இனித்தான் வருகிறது.

நிற்க. எந்த வீட்டின் பரணும் அறையாகாதென்று நாம் கூறவந்தோமில்லை. தைப்பிங்கில் நமது நண்பரொருவருக்கு யுத்தத்துக்கு முந்திய காலத்துக் கடைவீடொன்று உண்டு. கீழே மளிகை, மேலே குடியிருப்பு, அதற்கும்மேல் உயர்ந்த கூரை. சரிவு 30 பாகைக்குக் குறையாது. முகட்டடியில் பத்தடி உயரம். மரங்கள் வைரம் பாய்ந்தவை. சுவருக்குச் சுவர் பாய்ந்தவை. நடுவே வெட்டவேண்டியது ஒன்றுமில்லை. முகட்டின்மேல் அக்காலத்தார் எழுப்பிய சிறு மேற்கூரை வழியே வெப்பக் காற்று தானாய் வெளியேறுகிறது. அவர் பொறியாளரைக் கலந்து, எஃகு உத்தரங்கள் போட்டு, அனுமதி பெற்று, இரண்டு வழியாய் இறங்க ஏற்பாடு செய்து, நல்லதோர் அறை கட்டிக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எனினும் அவ்வறையில் மனிதர் நிமிர்ந்து நடக்கலாம். வீடு தகும்போது செய்யத் தடையில்லை.

ஆனால் அதே போன்ற கடைவீடுகளில், தக்க ஏற்பாடு ஏதுமின்றி, வேலையாட்களைப் பரணிற் படுக்கவைக்கும் வழக்கம் நம்மவர் சிலரிடமும் இருந்துவருவதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஒரே ஏணி, ஒரே சன்னல், பத்துப் பாய். கடல் கடந்து வந்த தொழிலாளியை இங்ஙனம் அடைத்து வைக்கிறவர், தம் பாட்டனாரும் கடல் கடந்து வந்து இவ்விதமே அடைபட்டவர் என்பதை மறந்துவிடுகிறார். முன்னே சொன்ன 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பெற்று, 2020 ஜூன் முதல் தோட்டங்களுக்கு மட்டுமன்றி எல்லாத் தொழில்துறைகளுக்கும் விரிந்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சியாவது அவர்கள் திருந்துவது நலம்.

ஆராய்ந்து பார்த்தால், பரணுக்கு அனுப்பப்படுபவர் யாரென்பது எல்லா வீடுகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. குடும்பத் தலைவர் தாம் மேலே போவதாய்ச் சொல்வதில்லை. மூத்த மகன் போவதில்லை. விருந்தினர்க்கென்று ஆண்டில் இருமுறை உபயோகமாகும் சோபாவும் கண்ணாடி அலமாரியும் இடம் பெயர்வதில்லை. பெண்பிள்ளை, கிழவி, வேலையாள் ஆகிய இவர்களே மேலே ஏறும்படி கேட்கப்படுகிறார்கள். பெரும்பாலும் கேட்கப்படாமலே ஏற்றப்படுகிறார்கள். இடப்பற்றாக்குறை என்று நாம் சொல்லுவதிற் பாதி, இடத்தைப் பங்கிடுவதிலுள்ள குறையே.

ஆகவே, கூரையை நோக்கும் குடும்பத்தாருக்கு நாம் கூறும் யோசனை இது. மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அளவுநாடாவையும் எடுங்கள். உயரத்தை அளவுங்கள், மரங்கள் நிற்கும் வகையைப் பாருங்கள், வெயில் நேரத்தில் ஒருமணிப் பொழுது அங்கே நீங்களே உட்கார்ந்து பாருங்கள். படி எங்கே இறங்குமென்று தரையிலே சுண்ணாம்பால் கோடு கிழியுங்கள். முன்பணம் கொடுக்குமுன், குத்தகையாளரல்லாத ஒரு பொறியாளருக்குச் சில நூறு ரிங்கிட் கொடுத்து எழுத்தில் அபிப்பிராயம் வாங்குங்கள். அது முப்பதினாயிரத்தைக் காக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அவ்வறையிற் படுக்கப்போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற விடையில் வீட்டிலே ஏற்கெனவே இருக்கும் ஓர் அறை உங்களுக்கு அகப்படலாம். அகப்படாவிட்டால், வீடும் தகுமாயின், அச்சமின்றிக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்குக் கட்டுங்கள்.